கூரையா, சந்து முனையா? குடோன் வைஃபைக்கு ஏபி மாட்டிய கதை

ஒரகடம் பக்கம் நான் ஐடி பார்க்கும் குடோனில் இரண்டு வருடமாக ஏபிகள் (ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை அலை பரப்பும் பெட்டிகள்) கூரையில்தான் தொங்கின. போன வருடம் ரேக் பகுதியில் இருந்த 15 ஏபிக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, ரேக் வரிசைகளுக்கு நடுவே ஓடும் சந்துகளின் முனைச் சுவர்களில் திசை ஆன்டெனாவோடு (ஒரே பக்கமாக அலையைக் குவிக்கும் ஆன்டெனா) 14 புதிது மாட்டினோம். புதிதாகக் குடோன் எடுக்கிற நண்பர்கள் "எது சார் நல்லது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். நான் சுவர்க் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டடம் 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். ஷீட் கூரை, 12 மீட்டர் உயரம். அகலவாக்கில் 14 சந்துகள். ஒவ்வொன்றும் 50 மீட்டர் நீளம், ரீச் டிரக் (உயர ரேக்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வண்டி) திரும்ப 3 மீட்டர் அகலம். இரண்டு பக்கச் சுவரோரமும் நடைபாதை. ஐந்தடுக்கு ரேக். சரக்கு பெரும்பாலும் ஷாம்பு, பினாயில், எண்ணெய் பாட்டில். இந்தக் கடைசி விவரம் முக்கியம். தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும், இரும்பு திருப்பி அடிக்கும். எங்கள் ரேக்கில் இரண்டும் இருந்தன.

கூரைக்கு இருக்கும் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். விலை குறைவு, சாதாரண ஏபி போதும், ஃபோர்க்லிஃப்ட் இடிக்காது, வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில்தான் நாங்களும் விழுந்தோம். வெற்று வரைபடத்தில் வைத்த புள்ளிகளில் பாதி, ரேக் வந்து நின்றபோது சந்துக்கு மேலே இல்லாமல் ரேக்குக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டன. சிக்னல் சர்வே எடுத்தது ஜனவரியில், ரேக் பாதி காலி. தீபாவளிச் சரக்கு இறங்கியதும் ஒன்பதாம் சந்தில் ரீச் டிரக் ஓட்டும் தம்பி, ஊரில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி டவர் தேடுகிற மாதிரி பார்கோடு ஸ்கேனரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சந்து வாசல் வரை நடந்து வருவார். "சார், உள்ள நின்னா சுத்திக்கிட்டே இருக்கு."

பவரைக் கூட்டினால் சரியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கீழே ஏபியின் குரல் கேட்டாலும், ஸ்கேனரின் சன்னமான குரல் மேலே போய்ச் சேர வேண்டுமே! இன்னொரு கோளாறு பிடிபட மாதங்கள் ஆயின. ரேக்குக்கு மேலே வெறும் காற்றுதான். அதனால் கூரையில் இருக்கும் ஏபிகள் ஒன்றையொன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் போலத் தெளிவாகக் கேட்கின்றன. தானாகப் பவரைச் சரிசெய்யும் கன்ட்ரோலர் அதைப் பார்த்து, "இங்கே ஏபி அதிகம்" என்று எல்லாவற்றின் பவரையும் இறக்கிவிடுகிறது. மேலே சண்டை, கீழே பட்டினி.

சுவரில் மாட்டியது இப்படி. ஒற்றைப்படைச் சந்துகளுக்குக் கிழக்குச் சுவர், இரட்டைப்படைக்கு மேற்குச் சுவர். நாலரை மீட்டர் உயரம், சந்தை நேராகப் பார்த்து, கொஞ்சம் கீழே குனிந்த 8 டெசிபல் தட்டை ஆன்டெனா. திசை ஆன்டெனாவின் சிறப்பு, பேசுவதற்கு மட்டுமில்லை, கேட்பதற்கும் அதே பலன். தூரம் இரட்டித்தால் சிக்னலில் 6 டெசிபல் போகும் என்பது கணக்கு. 50 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்கேனரின் குரலை இந்த 8 டெசிபல் தாங்கிப் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் ரேக் சுவர் மாதிரி நிற்பதால் பக்கத்துச் சந்து இரைச்சலும் குறைவு. கூரையில் எதிரியாக இருந்த சரக்கே இங்கே வேலி. 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, 149 முதல் 165 வரை என்று ஒன்பது சேனலை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சுழற்றி வைத்தோம். ரேடார் வந்தால் இடம் காலி செய்ய வேண்டிய சேனல்களைத் தொடவில்லை. பார்கோடு அனுப்பும் ஸ்கேனருக்கு 80 மெகாஹெர்ட்ஸ் எதற்கு?

சிக்னல் மட்டும்தான் பிரச்சினை என்றால், கூரை ஏபிகளைச் சந்துக்கு நேராக நகர்த்தி, திசை ஆன்டெனாவைக் கீழ்நோக்கி வைத்தே ஓரளவு சமாளித்திருக்கலாம். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவும் ஓடுகிறது. என்னைச் சுவருக்குத் தள்ளியது பராமரிப்பு.

ஒருநாள் ஆறாம் சந்து ஏபி செத்துவிட்டது. கீழே சுவிட்சில் போர்ட்டை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. மேலே போக வேண்டும். 12 மீட்டருக்கு ஏணி கிடையாது, சிசர் லிஃப்ட் (ஆளை மேடையோடு மேலே தூக்கும் வண்டி) வேண்டும். அரை நாள் வாடகைக்குத் தரமாட்டார்கள், ஒரு நாள் குறைந்தபட்சம். லாரியில் ஏற்றி இறக்கும் கூலி தனி. உயர வேலைக்கான பெர்மிட்டில் சேஃப்டி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பெல்ட் போட்ட ஆள் மேலே, கீழே பார்த்துக்கொள்ள ஒருவர். வேலை முடியும்வரை சந்தை அடைக்க வேண்டும், அதாவது அந்தச் சந்து ஆர்டர் எல்லாம் நிற்கும். ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். நான்கு நாள் கழித்து லிஃப்ட் வந்தது. மேலே போனால், நெட்வொர்க் கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே45 கனெக்டரின் பூட்டு நாக்கு ஒடிந்து, கேபிள் தன் கனத்திலேயே பாதி நழுவியிருந்தது. ஏபி மேல் புறா எச்சம். புதுக் கனெக்டர் அடித்துச் சொருக ஐந்து நிமிடம்.

வெயில் வேறு. உள்ளரங்க ஏபிகள் பலவற்றுக்கு 50 டிகிரிதான் எல்லை, மலிவானவை சிலவற்றுக்கு 40. மே மாத மத்தியானம் ஷீட்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஏபி தினமும் மூன்று மணி வாக்கில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

இப்போது அதே மாதிரிக் கோளாறு வந்தால் ஏணியை எடுத்துப் போய்ச் சுவரில் சாய்க்கிறோம். ஒருவர் பிடிக்க, ஒருவர் ஏற, கால் மணி நேரம். பெல்ட்டும் பெர்மிட்டும் இதற்கும் உண்டு, ஆனால் நடைபாதையில் நிற்பதால் சந்து மூடுவதில்லை. கூரையில் இருந்த இரண்டு வருடத்தில் லிஃப்ட் ஐந்து முறை வந்தது. அந்தப் பணத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எங்கள் ஆடிட்டருக்கே வைஃபையில் அக்கறை வந்தது.

கேபிளும் எளிது, ஆனால் ஒரு எச்சரிக்கை. ஈத்தர்நெட் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. எதிர்ச் சுவருக்குச் சுற்றிப் போனால் அதைத் தாண்டிவிடும். அங்கே ஒரு பெட்டியில் சின்ன பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஏபிக்கு மின்சாரமும் கொடுப்பது) வைத்து ஃபைபரில் இணைத்தோம்.

சுவரின் குறைகளை மறைக்கவில்லை. ஏபியும் ஆன்டெனாவும் சேர்த்துக் கூரை ஏபியைப் போல ஏறக்குறைய இருமடங்கு விலை. வண்டி ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குத் திரும்பும்போது சிக்னல் சட்டென்று அறுபடும். பழைய ஸ்கேனர்கள் விட்ட ஏபியையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்தும் ஒட்டிக்கொள்ள உதவும், 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழான மெதுவான வேகங்களை நிறுத்திய பிறகுதான் அடங்கியது. மாஸ்ட்டை (சரக்கைத் தூக்கும் முன்பக்கச் சட்டம்) தூக்கியபடி வந்த ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஒரு ஆன்டெனாவை வளைத்தும் விட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் இரும்புக் கூண்டு. இந்த அமைப்பு ஓடுவது ஒரு வருடம் சொச்சம்தான். தூசியில் ஆன்டெனா கனெக்டர்கள் ஐந்து வருடம் தாங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ரேக் தூணிலேயே மாட்டலாமே என்று ஒருவர் கேட்டார். ரேக் தூணில் துளை போட்டால் அதன் பளு உத்தரவாதம் போய்விடும்; தவிர, ஃபோர்க்லிஃப்ட் முதலில் இடிப்பதே அந்தத் தூணைத்தான். விட்டுவிடுங்கள்.

லோடிங் பக்கம் ரேக் கிடையாது, பேலட்டுகள் தினமும் இடம் மாறும். அங்கே எதை நோக்கி ஆன்டெனாவைத் திருப்புவது? பழைய கூரை ஏபி மூன்றும் அங்கே அப்படியே இருக்கின்றன. ஆறு மீட்டர் கூரை உள்ள சின்னக் குடோன் என்றாலும் கூரைதான் மாட்டுவேன்.

ரேக் பக்கத்து 15 பழைய ஏபிகளில் ஒன்பதை இறக்கிவிட்டோம். மிச்சம் ஆறு, மின்சாரம் இல்லாமல், இன்னும் மேலேயே தொங்குகின்றன. அவற்றை இறக்க லிஃப்ட் வாடகை கேட்டு நான் போட்ட விண்ணப்பம் மேனேஜர் மேஜையில் இருக்கிறது.