பாங்காக் ஏடிஎம் வாசலில் ஆறு வருடம்

கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில் இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்க்கும் வேலை எனக்கு. 2019-லிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது தாய்லாந்து போய்விடுவேன், கொரோனா வருடங்கள் நீங்கலாக. கம்பெனி தினப்படியை ரூபாயில் என் கணக்கில் போட்டுவிடும். அங்கே போய் தாய்லாந்து காசான பாட்டாக மாற்றும்போது வங்கி தின்பது முழுக்க என் பாக்கெட்டிலிருந்துதான். அதனால்தான் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் புத்தி வந்தது.

முதல் பயணத்தின் பக்கத்தைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கையில் நிறையப் பணம் வைத்துக்கொள்ளப் பயந்து, பத்து நாளில் ஐந்து தடவை மூவாயிரம் மூவாயிரம் பாட்டாக எடுத்தேன். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு கார்டு போட்டால் ஒரு தடவைக்கு 220 பாட் பிடித்தார்கள். எவ்வளவு எடுத்தாலும் அதே 220 தான். ஐந்து தடவைக்கு 1,100 பாட். பாட் 2.25 ரூபாய் இருந்த காலம், அதுவே ஏறக்குறைய 2,475 ரூபாய். நம்மூர் வங்கி ஒவ்வொரு தடவையும் 125 ரூபாயும் ஜிஎஸ்டியும் எடுத்தது. இது போக மாற்று விலைக்கு மேல் வங்கி போடும் 3.5 சதவீதம் மார்க்கப், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். எல்லாம் கூட்டினால் 33,750 ரூபாய் பெறுமானமுள்ள பாட்டைக் கையில் வாங்க 4,700 ரூபாய் செலவு. சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விட்டது.

அடுத்த தடவை உஷாராகி, வெளிநாட்டுக் காசை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரக்ஸ் கார்டு வாங்கினேன். எந்த வங்கி என்பது வேண்டாம், பெரிய வங்கிதான். கவுண்டரில் இருந்தவர் டாலர் ஏற்றிக்கொள்ளுங்கள், எங்கும் செல்லும் என்றார். செல்லத்தான் செய்தது. ஆனால் டாலர் ஏற்றிய கார்டில் பாட்டில் செலவு செய்தால் கரன்சி மாற்றத்துக்குத் தனியாக 3.5 சதவீதம் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கார்டு வாங்கும்போது ரூபாயிலிருந்து டாலர், அங்கே டாலரிலிருந்து பாட். இரண்டு இடத்திலும் வெட்டு விழுந்தது. மீந்த 43 டாலரைத் திரும்ப ரூபாயாக்கப் போனால் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. அமெரிக்கா போகிறவருக்கு டாலர் கார்டு சரியாக வரும், ரேட்டை முன்கூட்டியே பூட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு லாபம். போகிற நாட்டின் கரன்சியையே ஏற்றிக்கொள்ளும் கார்டுகளும் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு அந்த ஒரு தடவையோடு சலித்துவிட்டது.

மூன்றாவது வழி, நம் ஊர் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்வது: டாலர் நோட்டு கொண்டுபோய் அங்கே மாற்றுவது. பழைய முறை என்று நான் இளக்காரமாக நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். 2025 தொடக்கத்தில் கோவை காந்திபுரத்தில் டாலர் 87.20-க்கு 300 டாலர் வாங்கினேன், 26,160 ரூபாய். நோட்டு மாற்றும்போது ஜிஎஸ்டி முழுத் தொகைக்கும் இல்லை. ஒரு லட்சம் வரை தொகையில் ஒரு சதவீதத்துக்கு மட்டும் 18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். எனக்கு 47 வந்தது. பாங்காக்கில் டாலருக்கு 33.70 பாட் கொடுத்தார்கள், 10,110 பாட். ஆக ஒரு பாட் 2.59 ரூபாய்க்கு விழுந்தது. அன்றைக்கே காந்திபுரத்தில் நேரடியாக பாட் கேட்டதற்கு 2.75 சொன்னார்கள்.

எங்கே மாற்றுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. சுவர்ணபூமி விமானநிலையத்தில் இறங்கி பெட்டி எடுத்து வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுண்டர்களில் மாற்றாதீர்கள். அடித்தளத்துக்கு இறங்குங்கள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் சூப்பர்ரிச் போன்ற மணி சேஞ்சர்களின் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். ஊருக்குள் கிடைக்கும் ரேட்டுக்கு அருகிலேயே கொடுப்பார்கள். நோட்டு விஷயத்தில் மட்டும் கவனம். நூறு டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், பத்துக்கும் இருபதுக்கும் அதைவிடக் குறைந்த ரேட். ஒரு தடவை ஒரு கவுண்டரில் என் நூறு டாலர் நோட்டை அந்தப் பெண் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினார். மூலையில் யாரோ நீலப் பேனாவில் ஒரு சிறிய டிக் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து காந்திபுரத்தில் நோட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

இப்போது நான் முக்கியமாக வைத்திருப்பது மார்க்கப் இல்லாத இரண்டு கார்டுகள். ஒரு டெபிட், ஒரு கிரெடிட். நியோ, ஸ்கேபியா என்று இப்படிச் சில வந்துவிட்டன. நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் நாளில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டல், மால், பெரிய சாப்பாட்டுக் கடை எல்லாம் கிரெடிட் கார்டில்தான். விசா, மாஸ்டர்கார்டு ரேட்டிலேயே விழும். மேலே சொன்ன அதே பயணத்தில் பாட் 2.57-க்கு விழுந்தது. இதை வேறு எந்த வழியும் தோற்கடிக்கவில்லை. எம்ஆர்டி ரயிலில்கூட அதே கார்டைத் தட்டி உள்ளே போகலாம். ஓட்டலில் முன்பணம் பிடித்து வைக்கும்போதும் கிரெடிட் கார்டைத்தான் நீட்ட வேண்டும். டெபிட்டைக் கொடுத்தால் நம் காசு ஒரு வாரம், பத்து நாள் அந்தரத்தில் நிற்கும். ஆனால் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகவே கூடாது. தனிக் கட்டணமும் உண்டு, வட்டியும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

ரொக்கம் வேண்டுமென்றால் டெபிட். மார்க்கப் இல்லை என்றாலும் அந்த ஏடிஎம்மின் 220 பாட் இருக்கவே இருந்தது. பத்தாயிரம் பாட் எடுத்தால் ஒரு பாட் 2.63 ஆனது. இருபதாயிரம் எடுத்தால் 2.60, டாலர் நோட்டுக்கு ஏறக்குறைய சமம். அதற்குக் கீழே டாலர்தான் ஜெயித்தது.

போன வருடம் என்னோடு வந்த ஃபிட்டர் தம்பிக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். ஏடிஎம் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ரூபாய்லயே காட்டுதுங்க, 27,900னு. அமுக்கிடட்டுங்களா?" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதுதான் பொறி. ஏடிஎம்மே தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு ரூபாயில் காட்டும். நமக்கோ தெரிந்த காசு, தெரிந்த எண், மனசு உடனே சரி என்றுவிடும். அவன் கேட்டிருந்தது பத்தாயிரம் பாட், கட்டணத்தோடு 10,220. அந்த மெஷின் பாட்டுக்கு 2.73 போட்டிருந்தது. மாற்றம் வேண்டாம் என்கிற பொத்தானை அமுக்கச் சொன்னேன். அப்படிச் சொன்னால் பணம் வராதோ என்று அவன் பயந்தான். வந்தது. அவன் கார்டும் மார்க்கப் இல்லாத கார்டுதான், கணக்கில் கழிந்தது 26,265. ஒரு பொத்தானுக்கு 1,600 ரூபாய்க்கு மேல். கடைகளில் ஸ்வைப் செய்யும்போதும் இதே கேள்வி வரும், சில இடங்களில் நம்மைக் கேட்காமலே ரூபாயை அமுக்கிவிடுவார்கள். பில்லில் பாட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நகர்கிறேன்.

இன்னொரு சங்கடம், எல்லாரும் ஒரு தடவையாவது மாட்டுவது. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும், வெளிநாட்டு உபயோகத்தை நாமே ஆன் செய்ய வேண்டும். நான் விமானத்திலேயே தாய் சிம்மைப் போட்டுக்கொண்டு கெத்தாக இறங்கினேன். கார்டு வேலை செய்யவில்லை. ஆன் செய்ய ஆப்பைத் திறந்தால் இந்திய சிம் போனில் இல்லை, திறக்க மாட்டேன் என்கிறது. இரவு பதினொன்றரை மணிக்கு விமானநிலைய பெஞ்சில் உட்கார்ந்து, பர்ஸைக் கவிழ்த்து அந்தக் குட்டி சிம்மைத் தேடினேன். இப்போது கோவையிலேயே ஆன் செய்து, ரோமிங்கையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது.

நம் யூபிஐ பாங்காக் தெருக்கடைகளில் நான் முயன்ற இடங்களில் எடுக்கவில்லை. இலங்கையில் 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள்; கொழும்பில் ஒரு துணிக்கடையில் கியூஆர் ஸ்கேன் செய்தால் எத்தனை இந்திய ரூபாய் என்று பின் நம்பர் போடும் முன்பே காட்டியது. அந்த வசதி தாய்லாந்துக்கும் வந்தால் இந்த நோட்டை மூடி வைத்துவிடலாம்.

இப்போதைக்குப் பத்து நாள் பயணத்துக்கு 300 டாலர் நோட்டு, இரண்டு கார்டு, ஏடிஎம் பக்கம் போவது அவசரத்துக்கு மட்டும். மீந்த பாட்டைத் திரும்ப மாற்றுவதில்லை. ஒரு கவரில் 1,340 பாட் பீரோவில் இருக்கிறது, அடுத்த தடவை டாக்ஸிக்கும் முதல் வேளைச் சாப்பாட்டுக்கும்.