காமிக்ஸா, சிலையா? வாடகை வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

காமிக்ஸ் நாயகர்கள் மேல் பிடிப்பு உள்ளவர்கள் கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கியதும் இரண்டில் ஒரு வழியில் இறங்குகிறார்கள். ஒன்று, இதழ் இதழாகக் காமிக்ஸ் சேர்ப்பது. இன்னொன்று, அந்த நாயகர்களின் பாலிஸ்டோன் (கல்தூள் கலந்த பிசின்) சிலைகளை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்துவது. நான் சில வருடங்கள் இரண்டையும் சேர்த்தே செய்தேன். சென்னையில் கடைசியாக வீடு மாறியபோது ஒன்றைத்தான் தொடர முடியும் என்றாகிவிட்டது. சிலைகளில் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டு, காமிக்ஸோடு நின்றுகொண்டேன். அதனால் காமிக்ஸ் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அழகில் சிலைக்குத்தான் முதலிடம். அதில் வாதமே வேண்டாம். நல்ல கால் அளவுச் சிலை, அதாவது ஆள் உயரத்தில் நாலில் ஒரு பங்கு அளவில் செய்த சிலை, ஒன்றின் கையைக் கிட்டே போய்ப் பாருங்கள். முழங்கையிலிருந்து இறங்கும் நரம்பு, கையுறையின் தையல், துணி மடிப்புக்குள் மட்டும் ஒரு சாயல் அடர்த்தியாக ஓடும் வண்ணம். பிசினில் கல்தூள் கலந்து வார்த்து, கையால் வண்ணம் தீட்டிய வேலை அது. வீட்டுக்கு வருபவர்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள். காமிக்ஸ் அடுக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் காமிக்ஸைப் படிக்கலாம், திரும்பவும் படிக்கலாம், பிள்ளைகளிடம் கொடுக்கலாம். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

விலைக்கு வருவோம். 1938இல் சூப்பர்மேன் முதலில் வந்த அமெரிக்க இதழின் விலை 10 சென்ட். இன்று அங்கே ஒரு மெல்லிய மாத இதழ் 3.99 அல்லது 4.99 டாலர், கதை இருபது பக்கத்தைச் சுற்றி. உயர்வுதான், ஆனாலும் ஓர் இதழை வாங்குவது யாருக்கும் பெரிய முடிவு இல்லை. சிலைகளில் நடந்தது வேறு. 2000களின் நடுவில் அமெரிக்காவின் சைட்ஷோ நிறுவனத்துக் கால் அளவுச் சிலைகள் 200, 300 டாலருக்குள் கிடைத்தன. இப்போது அதே வகை 600 டாலருக்கு மேல். ஜப்பானின் பிரைம் 1 ஸ்டுடியோ போன்றவர்களின் பெரிய சிலைகள் ஆயிரத்தைத் தாண்டிவிடுகின்றன. நமக்கு இதில் ரூபாய்க் கணக்கும் சேர்கிறது. 2005இல் டாலர் 44 ரூபாய் அளவில் இருந்தது, 2025இல் 85ஐத் தாண்டியது. அன்றைய 250 டாலர் சிலை 11,000 ரூபாய் என்றால், இன்றைய 650 டாலர் சிலை 55,000க்கு மேல். இது பொருளின் விலை மட்டும்தான்.

அப்புறம் சுங்கம். இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. சேகரிப்புச் சிலையை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும். எனக்கு வந்த பார்சல்களில் ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாத தொகைகள்தான் விழுந்தன, ஆகவே இவ்வளவுதான் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அச்சிட்ட புத்தகத்துக்கோ இங்கே ஜிஎஸ்டியே கிடையாது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005 வரை ஓடியது. நடுவில் தொய்ந்து கிடந்த லயன்-முத்து 2012இல் ஆர்ட் பேப்பரில், முழு வண்ணத்தில், 100 ரூபாய் விலையில் திரும்பி வந்தது. டெக்ஸ் வில்லர், லக்கி லூக் போன்ற ஐரோப்பிய நாயகர்கள் இன்றும் சந்தாவில் வீட்டுக்கு வருகிறார்கள். விலை அன்றைக்கு இருந்த மாதிரி இல்லை, காகித விலை ஏறும்போதெல்லாம் அதுவும் ஏறுகிறது. இருந்தாலும் மேலே சொன்ன ஒரு சிலையின் விலையில் பல வருடச் சந்தா கட்டிவிடலாம்.

சரி, இந்த இரண்டு பொழுதுபோக்குகளும் இப்போது எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கின்றன? இரண்டுமே நோஞ்சான்தான், ஆனால் நோய் வேறு வேறு. அமெரிக்கக் காமிக்ஸ் ஏற்கெனவே ஒரு பெரிய காய்ச்சலைக் கண்டது. 1991இல் எக்ஸ்-மென் புதிய வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பின்னாளில் விலை ஏறும் என்று ஒரே ஆள் பல பிரதிகளை வாங்கி அடுக்கினார். எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்? குமிழி உடைந்து, 1996 டிசம்பரில் எக்ஸ்-மென் வெளியீட்டாளரான மார்வெல் திவால் மனு போடும் அளவுக்குப் போனது. 2025 ஜனவரியில், கடைகளுக்குப் பல பத்தாண்டுகளாக இதழ்களைக் கொண்டுசேர்த்த டயமண்ட் விநியோக நிறுவனமும் அதே மனுவோடு நீதிமன்றம் போனது. அதே ஆண்டு நவம்பரில், சூப்பர்மேன் பெயரிலேயே 1939இல் தொடங்கிய வரிசையின் முதல் இதழின் மிக நல்ல பிரதி ஒன்று 91 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. உச்சியில் இருக்கும் அந்தப் பணத்தை வைத்துத் தெருமுனைக் காமிக்ஸ் கடையின் நாடியைப் பார்க்க முடியாது. அது வேறு சந்தை.

சிலை உலகின் தொல்லை, அது ஒரே நாட்டின் தொழிற்சாலைகளை நம்பி இருப்பது. அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களின் சிலைகளில் பெரும்பகுதி சீனாவில்தான் வார்க்கப்படுகிறது. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 145 சதவீதம் வரை ஏறி, மே மாதம் 30 சதவீதத்துக்கு இறங்கியது. முன்பதிவு செய்து ஒரு வருடம், சில நேரம் இரண்டு வருடம் காத்திருந்து வாங்கும் பொருளுக்கு இந்த ஆட்டம் ஆகாது. பணம் கட்டிய நாளில் ஒரு வரி, பொருள் கப்பலில் ஏறும் நாளில் இன்னொரு வரி. அமெரிக்காவில் அச்சுப் பிரதிகளுக்கு அந்தக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு இருந்ததால் காமிக்ஸ் அந்த அடியிலிருந்து பெரும்பாலும் தப்பியது.

தமிழ்க் காமிக்ஸின் கவலை இவற்றில் சேராது. வாசகர்களுக்கு வயதாகிறது. புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் ஸ்டாலுக்கு முன்னால் நின்றால் நரைத்த தலைகள்தான் அதிகம், பக்கத்தில் கையைப் பிடித்தபடி ஓரிரு சிறுவர்கள். சந்தா கட்டுகிற கூட்டம் சுருங்கினால் அச்சிடும் எண்ணிக்கையும் சுருங்கும், விலை ஏறும். நான் காமிக்ஸ் பக்கம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். என் பணம் அங்கே போனால் அடுத்த இதழ் வருவதற்கு அது உதவுகிறது.

ஆனால் என்னை உண்மையில் முடிவெடுக்க வைத்தது பெட்டி. சிலை வந்த பெட்டி.

கால் அளவுச் சிலை என்றால் உயரம் சுமார் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி. அது வரும் பெட்டி அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வெளியே பழுப்பு அட்டைப்பெட்டி. அதற்குள் படம் அச்சிட்ட பெட்டி. அதற்குள் சிலையின் வடிவத்துக்கே குடைந்த தெர்மாகோல், இரண்டு மூன்று அடுக்காக. தலை ஒரு குழியில், கைகள் ஒரு குழியில், அடித்தளம் கீழடுக்கில். எது எங்கே இருந்தது என்று படம் எடுத்து வைக்காவிட்டால் திரும்ப மூடும்போது மூடி உட்காராது. இந்தத் தெர்மாகோலை வேறெதாலும் ஈடுகட்ட முடியாது. பாலிஸ்டோன் கல் மாதிரி கனமானது, பீங்கான் மாதிரி உடையக்கூடியது. விரல் நுனி, வாள் முனை, பறக்கும் அங்கியின் ஓரம், எல்லாமே அந்தக் குழிகளின் தயவில்தான் முழுசாக இருக்கின்றன. எனக்கு வந்ததில் ஒன்று அப்படியும் மணிக்கட்டில் உடைந்தே வந்தது. மாற்றுக் கை கேட்டு அனுப்பிய கடிதங்களுக்குக் கடைசிவரை பதில் இல்லை.

ஆகவே பெட்டியைத் தூக்கிப் போட முடியாது. பெட்டி இல்லாத சிலையை வாங்குபவர்கள் எடுத்த எடுப்பிலேயே விலையை அடித்துப் பேசுவார்கள். அது பேராசை கிடையாது, அடுத்த ஊருக்கு அதை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்ற கேள்வி. அதாவது ஒரு சிலை வாங்கினால் அதற்கு ஒரு இடம், அதன் காலிப்பெட்டிக்கு அதைவிடப் பெரிய இன்னொரு இடம். சொந்த வீட்டில், மாடி அறை சும்மா கிடக்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் பரண் என்பது பாய், சூட்கேஸ், கொலுப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொது. அங்கே நாலு சிலைப்பெட்டி ஏறினால் மற்றவை கீழே வந்துவிடும். மழைக்காலத்தில் பரண் சுவர் ஓதம் ஏறும், அட்டைப்பெட்டியைக் கறையான் தேடி வரும். இந்தப் பேச்சு வீட்டில் வருடத்துக்கு ஒருமுறையாவது வந்தே தீரும்.

கூரியர் கணக்கைப் பார்த்தால் பெட்டியின் பிடி இன்னும் நன்றாகத் தெரியும். பெரிய பார்சலுக்கு எடையைப் பார்த்து மட்டும் கட்டணம் போட மாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுப்பார்கள். 70க்கு 50க்கு 50 பெட்டி என்றால் கணக்கு 35 கிலோ. உள்ளே இருப்பது 12 கிலோவாக இருந்தாலும் 35க்குத்தான் பணம். வாங்கும்போதும் இது உண்டு, விற்கும்போதும் உண்டு. அதனால்தான் சிலைகள் ஒரே ஊருக்குள், நேரில் வந்து காரில் வைத்துக் கொண்டுபோகிற ஆளுக்குத்தான் லகுவாகக் கைமாறுகின்றன. வாங்கும் கூட்டம் அப்படிச் சுருங்கினால் விலையும் சுருங்கும்.

காமிக்ஸ் பக்கம் இதே கணக்கைப் போடுங்கள். மூன்றடி நீளத் தட்டு ஒன்றில் 48 பக்க வண்ண இதழ்கள் ஏறத்தாழ இருநூறு நிற்கும். வீடு மாறும்போது நாலைந்து சிறிய அட்டைப்பெட்டிகள். பெரிய பெட்டியில் போட்டால் தூக்க முடியாது, அது ஒன்றுதான் எச்சரிக்கை. யாருக்காவது ஓர் இதழ் அனுப்ப வேண்டுமா? இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ஒட்டி ஸ்பீட் போஸ்ட்டில் போட்டால் கன்னியாகுமரிக்கும் போகும், டெல்லிக்கும் போகும்.

காமிக்ஸுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பழைய இதழ்கள் மலிவான நியூஸ்பிரிண்டில் அச்சானவை. காகிதத்தில் இருக்கும் அமிலமே அதை உள்ளிருந்து தின்னும். ஓரம் பழுத்து, மடித்தால் பொடியும். நடுப்பக்கத்தைத் திறந்தால் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து இரண்டு பக்கமும் காவி நிறத்தில் வட்டம் போட்டிருக்கும். அந்த இடத்தில்தான் பக்கம் முதலில் கிழியும். ராமபாணப் பூச்சி, கறையான் இரண்டும் எதிரிகள். 2015 வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் வைத்திருந்தவர்கள் இழந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. தனித்தனிப் பாலிப்ரோப்பிலீன் உறை, தட்டுக்குத் தட்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், கொஞ்சம் வசம்பு, தரையிலிருந்து இரண்டடி உயரம். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி வைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, கையில் எடுத்த இதழைப் படிக்க உட்கார்ந்துவிட்டால் இரண்டு ஞாயிறு.

மறுவிற்பனை விலையைப் பற்றி நான் அடக்கித்தான் பேச வேண்டும். விற்ற சிலைகளில் பெட்டி பத்திரமாக இருந்தவை வாங்கிய விலைக்குக் கிட்டே போயின, மற்றவை போகவில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில் வார்த்த சிலைகள் விலை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், என் கையில் அப்படி ஒன்று இருந்ததில்லை. திருட்டு வார்ப்புகள் சந்தையில் புழங்குவதால் சான்று கேட்பார்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய முத்து, லயன் இதழ்கள் ஆயிரக்கணக்கில் கைமாறுவது உண்மைதான். ஆனால் ஒரு கதை நல்ல மறுபதிப்பாக வந்தால், படிப்பதற்காக மட்டும் தேடியவர்கள் விலகிவிடுவார்கள். நான் இதழ்களை விற்றதில்லை, பரிமாறிக்கொண்டதுதான். அமெரிக்கப் பாணியில் மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக்கில் அடைத்த பிரதிகளிலும் எனக்குப் பழக்கம் இல்லை. முதலீடாக நினைப்பவர்கள் என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படிக்கும் பழக்கம் இல்லாமல் உருவத்தை மட்டும் நேசிப்பவர்கள், சொந்த வீடும் கண்ணாடி அலமாரியும் உள்ளவர்கள் தாராளமாகச் சிலை வாங்கலாம். சிற்பம் பயில்கிறவர்களுக்கும் ஒரு நல்ல சிலை பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. ஆசை அடங்கவில்லை, இடமும் இல்லை என்றால் பத்தில் ஒரு பங்கு அளவில் பிரேசிலின் அயன் ஸ்டுடியோஸ் போன்றவர்கள் செய்யும் சிறிய சிலைகளைப் பாருங்கள். விலை பெரியவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். நான் விற்காமல் வைத்துக்கொண்டதும் அந்த அளவில் ஒன்றைத்தான். வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் சிலையின் உயரத்தைக் கேட்காதீர்கள், வெளிப்பெட்டியின் நீள அகல உயரத்தைக் கேளுங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பரணை அளந்து பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.