500 வெள்ளிக்குள்ள முதல் டிஎஸ்எல்ஆர்: செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி5300, ஒரு வருஷம் கழிச்சு

கையில 500 சிங்கப்பூர் வெள்ளி இருந்துச்சு, அதுக்கு மேல போகமுடியாது, ஊருக்கு அனுப்புறது போக ஏழு மாசமா ஓவர்டைம் பாத்து சேர்த்த காசு. அந்த காசுக்குள்ள கேமரா, லென்ஸ், கார்டு எல்லாம் முடியணும். போன வருஷம் தைப்பூசத்துக்கு முன்னாடி வாங்குனேன், இப்ப ஒரு வருஷம் தாண்டிடுச்சு, லீவு கிடைக்கிற ஞாயித்துக்கிழமை எல்லாம் கழுத்துல அதான் தொங்குது. ரூம்லயும் வேலை இடத்துலயும் மாத்தி மாத்தி கேக்குறாங்க என்ன வாங்கலாம்னு, அதனால ஒரே இடத்துல எழுதிடுறேன்.

முடிவை மொதல்லயே சொல்லிடுறேன். பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, காசை குறைச்சு போடுங்க, மிச்சம் பிடிச்சதை ஒரு நல்ல லென்ஸுக்கு போடுங்க. நான் போட்ட கணக்கு இதான்: டி5300 பாடியும் கூட வந்த 18-55எம்எம் ஜூம் லென்ஸும் 280, செகண்ட் ஹேண்ட் 35எம்எம் எப்1.8 லென்ஸ் (எப் நம்பர் குறைய குறைய உள்ள வர்ற வெளிச்சம் கூடும்) 140, சிலிகா ஜெல் போட்டு வைக்கிற டிரை பாக்ஸ் 25, மெமரி கார்டு 18. மொத்தம் 463.

கடைக்கு போய் புதுசா டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச, லென்ஸ் மாத்துற கேமரா) கேட்டா இப்ப அந்த கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் தான் எடுத்து வைக்கிறாங்க. 2018ல நிக்கானும் கேனானும் மிரர்லெஸுக்கு ஆளுக்கு ஒரு புது மவுண்ட் (லென்ஸ் மாட்டுற வாய்) கொண்டு வந்துட்டாங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் அந்த பக்கம் மாறி பழசை வித்துட்டு போறாங்க, அது நமக்கு நல்லது தான், ஒரு காலத்துல ஆயிரத்துக்கு மேல சொன்ன செட்டு இப்ப முன்னூறு வெள்ளிக்கு வருது. டி5300 வந்தது 2013ல. பத்து வருஷத்துக்கு மேல ஆன கேமராவானு யோசிப்பீங்க. 24 மெகாபிக்சல் சென்சார் (படத்தை பதியுற சிப்), 39 போகஸ் பாயிண்ட், திருப்பி மடக்குற ஸ்கிரீன், மைக் குத்துற ஓட்டை, வைஃபை எல்லாம் இருக்கு. ஏ3 சைஸ்ல பிரிண்ட் போட்டு பாத்தேன், முகத்துல இருக்குற வேர்வை துளி கூட தெளிவா தெரியுது.

நான் வாங்குனது சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்துல பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல. செகண்ட் ஹேண்ட் கேமரா பாக்கணும்னா ஒரு ஞாயிறு மதியம் அங்க போய் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கலாம், கண்ணாடி அலமாரில லென்ஸை வரிசையா அடுக்கி விலை ஒட்டி வச்சிருப்பாங்க. மொதல்ல நுழைஞ்ச கடைல என் கார்டை போட்டு ஒரு போட்டோ எடுத்து பாக்குறேன்னு கேட்டேன், விடல, வாங்குனா வாங்கு இல்லாட்டி போன்னு சொல்லிட்டாங்க. வெளிய வந்துட்டேன். அடுத்த கடைல இருந்த வயசான சீன அங்கிள் அவரே பேட்டரியை போட்டு கையில குடுத்து நிதானமா பாருன்னு ஒரு ஸ்டூலும் இழுத்து போட்டாரு. கிட்டத்தட்ட அரை மணி நேரம் பாத்தேன், மூஞ்சி சுளிக்கல.

அந்த அரை மணி நேரத்துல என்ன பாத்தேன்னு சொல்றேன், இது தான் முக்கியம். லென்ஸை கழட்டி பின்பக்கத்துல இருந்து போன் டார்ச்சை அடிச்சு முன்பக்கமா பாக்கணும், நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் சாய்ச்சு பாத்தா தான் ஃபங்கஸ் சிலந்தி நூல் மாதிரி ஓரத்துல படர்ந்திருக்கிறது தெரியும். ரெண்டு மூணு தூசி உள்ள இருந்தா பரவால்ல, நூல் மாதிரி இருந்தா எவ்வளவு சீப்பா குடுத்தாலும் வேணாம். அடுத்து எப்16ல வச்சு வெள்ளை சுவரை ஒரு போட்டோ, பெருசாக்கி பாத்தா சென்சார்ல அழுக்கு இருந்தா கருப்பு புள்ளியா தெரிஞ்சிடும். அப்புறம் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தனை தடவை ஷட்டர் அடிச்சிருக்குங்குற கணக்கு. நிக்கான்ல இது வசதி, எடுத்த ஜேபெக் ஃபைலுக்குள்ளயே அந்த எண் இருக்கும், ஷட்டர் கவுண்ட் காட்டுற வெப்சைட்ல ஏத்துனா வந்துடும். கேனான்ல அந்த மாதிரி ஃபைல்ல பாக்க முடியாத மாடல் தான் நிறைய. என்னோடது 14,300 காட்டுச்சு, இந்த ஷட்டரை நிக்கான் ஒரு லட்சம் தடவை அடிச்சு டெஸ்ட் பண்ணிருக்காங்க, அதனால தைரியமா காசை எடுத்தேன். ஸ்கிரீனையும் நாலஞ்சு தடவை திருப்பி மடக்கி பாருங்க, படம் விட்டு விட்டு வந்தா உள்ள போற கேபிள் போயிடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப அந்த 35எம்எம் பத்தி. தைப்பூசத்துக்கு மொத ராத்திரியே சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பக்கம் போய் நின்னுட்டேன், அங்கருந்து தானே காவடி கெளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு போகும். விடியக்காலை மூணு மணி, வெளிச்சம் டியூப்லைட்டு தான். கூட வந்த 18-55ஐ போட்டு 35ல வச்சா எப்4.5 தான் கிடைக்குது, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை கூட்டி காட்டுற செட்டிங்) 3200 வச்சும் ஷட்டர் வேகம் 1/15 செகண்டுக்கு மேல ஏறல, காவடி எடுக்குறவங்க ஆடிக்கிட்டே வர்றாங்க, எல்லா படமும் இழுத்துக்கிச்சு. லென்ஸை மாத்தி எப்1.8ல வச்சேன், வெளிச்சம் ஆறு மடங்கு உள்ள வருது, அதே ஐஎஸ்ஓல 1/90. முதல் படமே நின்னுச்சு. அலகு குத்துன ஒரு பெரியவர் கண்ணை மூடி நிக்கிறாரு, அவர் நெத்தில திருநீறு வேர்வைல கரைஞ்சு மூக்கு வரைக்கும் வடிஞ்சிருக்கு, ஒவ்வொரு கோடும் தெரியுது. பிளாஷ் அடிக்கவே வேணாம், விரதம் இருந்து வர்றவங்க முகத்துல பிளாஷ் அடிக்கிறது எனக்கு பிடிக்கவும் பிடிக்காது. அந்த 140 வெள்ளி லென்ஸ் இல்லாட்டி அன்னைக்கு ராத்திரி வெறும் கையோட தான் வந்திருப்பேன்.

பழைய லென்ஸ் வாங்குறப்ப ஒரு விஷயம் பாத்துக்கங்க. டி5300 பாடிக்குள்ள போகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருக்குற ஏஎப்-எஸ், ஏஎப்-பி னு போட்ட லென்ஸ் தான் தானா போகஸ் ஆகும், சீப்பா கிடைக்குதேன்னு 50எம்எம் எப்1.8டி வாங்குனீங்கன்னா கையால தான் திருப்பணும். மோட்டார் வேணும்னா டி7000, டி7100 பக்கம் போகணும், கொஞ்சம் வெயிட் கூட.

குறைன்னா, ஸ்கிரீன்ல பாத்து எடுக்கிறப்ப போகஸ் ரொம்ப மெதுவு, முன்னும் பின்னும் தேடிட்டு தான் நிக்கும், வீடியோல அது அப்படியே தெரியும். வீட்ல ஓடுற பிள்ளையை வீடியோ எடுக்கணும், ரீல்ஸ் போடணும்னா இது வேணாம், கேனான் 200டி பாருங்க, 2017ல வந்தது, அதுல டூயல் பிக்சல் போகஸ், ஸ்கிரீன்ல பாத்தே சட்டுனு பிடிக்கும். வைஃபையும் ஒவ்வொரு தடவை மெனுக்குள்ள போய் ஆன் பண்ணணும், நான் கார்டு ரீடர் தான் யூஸ் பண்றேன். ஜிபிஎஸ்ஸை ஆஃப் பண்ணி வைங்க, பேட்டரியை தின்னுடும். நிக்கான் டி3500 பத்தியும் கேட்டாங்க, பேட்டரி, கார்டு, லென்ஸ் இல்லாம 365 கிராம் தான், ஒரு சார்ஜுக்கு 1,500 படம் தாண்டும், ஆனா ஸ்கிரீன் திரும்பாது, மைக்கும் குத்த முடியாது. போட்டோ மட்டும் எடுக்குறவங்களுக்கு தாராளமா போதும்.

டிரை பாக்ஸை மட்டும் தயவு செஞ்சு அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. எங்க ரூம்ல ஒரு அண்ணன் ஆசை ஆசையா வாங்குன கேமராவை பையோட அலமாரில வச்சுட்டு ஆறு மாசம் தொடல, எடுத்து பாத்தா லென்ஸ் முழுக்க பூஞ்சை, கிளீன் பண்ண கேட்ட காசுக்கு இன்னொரு லென்ஸே வாங்கிடலாம். சிங்கப்பூர்ல காத்துல ஈரம் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல, லென்ஸுக்கு 40ல இருந்து 50 தான் நல்லது. என் பாக்ஸ்ல சின்ன மீட்டர் ஒண்ணு ஒட்டியிருக்கேன், 50 தாண்டுனா சிலிகா ஜெல்லை காய வச்சு போட்டுடுவேன். ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்த உடனே கேமராவை திறக்காதீங்க, கண்ணாடி பூரா பனி மூடிடும், ஜிப் பைல போட்டு மூடி இருபது நிமிஷம் விட்டுட்டு எடுங்க.

அடுத்து சுங்கை பூலோ சதுப்பு நில காப்பகத்துல பறவைங்களை எடுக்க தூரத்துல இருக்குறதை இழுத்து காட்டுற 70-300எம்எம் ஏஎப்-பி லென்ஸ் ஒண்ணு தேடிட்டு இருக்கேன். டி5300 வச்சிருக்கவங்க அந்த ஏஎப்-பி லென்ஸ் வாங்குற ஐடியா இருந்தா கேமராவுல ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டு அப்புறம் கடைக்கு போங்க, பழைய ஃபர்ம்வேர்ல போட்டு பாத்தா லென்ஸ் ஒழுங்கா வேலை செய்யாது, நல்ல லென்ஸை கெட்டதுன்னு நினைச்சு திருப்பி வச்சிட்டு வந்துடுவீங்க.