கடனட்டைப் பணம் கட்டுவது: கருமபீடமா, செயலியா, முழுத்தொகைக் கட்டளையா?

கடனட்டைக்கான விண்ணப்பப் படிவத்தில், மாதாந்தத் தொகையை எந்த வழியில் செலுத்தப்போகிறீர்கள் என்று கேட்கும் சிறிய கட்டம் ஒன்று இருக்கும். பெரும்பாலானோர் அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கையொப்பமிட்டு விடுகிறார்கள். கடன் எல்லை எவ்வளவு, எந்தக் கடையில் கழிவு கிடைக்கும் என்பவற்றை எல்லாம் விசாரிக்கும் நாம், தாமதக் கட்டணம் கட்டப்போகிறோமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. விசுவமடுவில் இருந்துகொண்டு, கிளிநொச்சியில் கிளை வைத்திருக்கும் வங்கியொன்றின் அட்டையைப் பாவிக்கும் நான், அதே வங்கியிலுள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதந்தோறும் முழுத்தொகையையும் தானாகவே கழித்துக்கொள்ளும்படி நிலையியற் கட்டளை கொடுத்திருக்கிறேன். புதுக்குடியிருப்பில் ஆசிரியராக இருக்கும் என் அக்கா கைத்தொலைபேசிச் செயலி மூலம் வேறொரு வங்கியின் கணக்கிலிருந்து அனுப்புகிறார். முழங்காவிலில் வயல் செய்யும் என் மைத்துனர் கிளைக்கே போய்க் காசாகக் கட்டுகிறார். மூன்று வழிகளையும் ஒரே குடும்பத்துக்குள் கவனித்து வருவதால் ஒப்பிட்டு எழுத முடிகிறது. என் சாய்வு என் வழியின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிந்திக் கட்டினால் தாமதக் கட்டணம் விழும், வட்டி ஏறும் என்பதை விளக்கத் தேவையில்லை. பலர் கவனிக்காதது அதன் தொடர்ச்சிதான். முழுத்தொகையும் உரிய நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் வட்டியில்லாக் காலம் பொதுவாக இல்லாமற் போய்விடும். அதன் பிறகு வாங்கும் மருந்துக்கும் உரத்துக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படலாம். வட்டி வீதமும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2020 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு விதித்தது, 2022 ஏப்ரலில் அந்த வரம்பை நீக்கியது. எனவே பழைய வீதத்தை மனதில் வைத்துக்கொண்டு ‘இரண்டு மூன்று நாள் பிந்தினால் என்ன’ என்று கணக்குப் போடுவது இன்று பொருந்தாது.

மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது ஒரே ஓர் அளவுகோலால்: நாம் பணம் கொடுத்த நாளுக்கும் அது அட்டைக் கணக்கில் பதிவாகும் நாளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பது. இரணைமடுவில் கதவு திறந்த நேரமும் வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேரும் நேரமும் ஒன்றல்ல என்பது கமக்காரர் எல்லோருக்கும் தெரியும். வங்கி பார்ப்பது தண்ணீர் வந்து சேர்ந்த நேரத்தைத்தான். நம் கணக்கில் பணம் குறைந்துவிட்டதென்று குறுஞ்செய்தி வந்ததும் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம், ஆனால் அட்டைப் பிரிவின் கணனியில் அது அடுத்த வேலை நாளின் திகதியோடு பதிவானால், அந்த ஒரு நாளுக்காகவே தாமதக் கட்டணம் விழும். பின்னர் வாதாடிச் சில வேளைகளில் அதை நீக்குவித்துக்கொள்ளலாம். அதற்காகத் தொலைபேசியில் காத்திருக்கும் நேரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இந்த அளவுகோலால் பார்த்தால் கருமபீடத்தில் கட்டுவது, தோற்றத்துக்கு மாறாக, மோசமான வழியன்று. அட்டையை வழங்கிய வங்கியின் கிளையிலேயே, வேலை நேரத்துக்குள் கட்டினால் பொதுவாக அன்றைய திகதியிலேயே பதிவாகும், கையில் முத்திரையிட்ட பற்றுச்சீட்டும் இருக்கும். மைத்துனர் அந்தப் பற்றுச்சீட்டுக்காகவே இந்த வழியை விடமாட்டேன் என்கிறார். அவருடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. ஏ9 வீதியை ஒட்டிக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வங்கிகள் வரிசையாக இருந்தாலும், முழங்காவில், துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வருபவர் ஒரு கொடுப்பனவுக்காகப் பாதி நாளைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போதும் நகரத்துக்குப் போய்வருவதே எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். காசு வைப்பு இயந்திரம் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது, தூரத்தைக் குறைப்பதில்லை.

விடுமுறைகள் இந்த வழியின் உண்மையான பொறி. ஒவ்வொரு மாதமும் வரும் போயா நாளில் வங்கி இல்லை. வெசாக் போயாவுக்கு மறுநாளும் இல்லை. சித்திரைப் புத்தாண்டு வார இறுதியோடு ஒட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் இறுகும். 2025 ஏப்ரலில் 12ஆம் திகதி சனிக்கிழமை, 13 ஞாயிறு, 14 திங்கட்கிழமை புத்தாண்டு. 13ஆம் திகதியை இறுதி நாளாகக் கொண்ட ஒருவருக்கு உண்மையான இறுதி நாள் 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை பிற்பகலோடு முடிந்துவிட்டது. வங்கி மாதந்தோறும் அனுப்பும் கணக்குக் கூற்றில் அச்சிடப்பட்டிருக்கும் திகதி ஒன்று, கருமபீடத்தை நம்பியவரின் திகதி வேறொன்று.

செயலி வழி தூரத்தை முற்றாக அழித்துவிடுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2015இல் தொடங்கப்பட்ட செஃப்ட்ஸ் முறைமை வந்த பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இரவிலும் விடுமுறை நாளிலும் உடனுக்குடன் பணம் போய்ச் சேருகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு அனுப்பும்போது ‘உடனுக்குடன்’ என்பது சொல்லுக்குச் சொல் உண்மை. அட்டை இலக்கத்துக்கு அனுப்பும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. பணம் அந்த வங்கியை அடைந்த பிறகும், அட்டைப் பிரிவு அதைப் பதிவதற்கு அடுத்த வேலை நாள் வரை எடுக்கலாம். சில செயலிகளில் அனுப்பும் வழியைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கும், ஸ்லிப்ஸ் என்ற வழி தொகுதி தொகுதியாக, வேலை நாட்களில் மட்டும் இயங்குவது. எது என்று பாராமல் வெள்ளி இரவு ஸ்லிப்ஸில் அனுப்பினால் அது திங்களுக்குப் போய்விடும், திங்கள் போயாவாக இருந்தால் செவ்வாய்க்கு.

அக்கா இதை ஒழுங்காகச் செய்பவர். இறுதித் திகதிக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன் அனுப்பிவிடுவார், அனுப்பியதற்கான திரைப்பிரதியைச் சேமித்து வைப்பார், இரண்டு நாள் கழித்து அட்டை மீதியைத் திறந்து பார்ப்பார். அப்படிச் செய்பவருக்குச் செயலி போதுமானது. அந்த ஒழுங்கு ஒவ்வொரு மாதமும், பரீட்சைக் காலத்திலும் வீட்டில் நோயாளி இருக்கும் காலத்திலும் கலையாமல் இருக்க வேண்டும் என்பதே என் தயக்கம். குடும்பத்தில் ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சேர்த்துவிட்டு வாட்டுக்கு வெளியே இருக்கும் நாட்களில் யாரும் அட்டைக் கூற்றை நினைப்பதில்லை, நினைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அதனால்தான் முழுத்தொகைக் கட்டளையைத் தெரிவு செய்தேன். அட்டையும் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருப்பதால் பணம் வங்கியை விட்டு வெளியே போவதில்லை, ஆகவே அனுப்பிய நாள், பதிவான நாள் என்ற பிரிவே எழுவதில்லை. என் அட்டையில் இறுதித் திகதி விடுமுறையாக இருந்தபோதும் பணம் கழிந்து அதே திகதியில் பதிவாகியிருக்கிறது. நான் பாவித்தது ஒரு வங்கியின் அட்டையை மட்டுமே என்பதால் எல்லா வங்கிகளிலும் இப்படித்தான் என்று உறுதி கூறமாட்டேன். ‘இறுதித் திகதி விடுமுறையானால் எந்த நாளில் கழிப்பீர்கள்’ என்ற ஒரு கேள்வியைக் கிளையில் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்வது நல்லது.

இந்த வழியில் நினைவில் வைக்கவேண்டிய பொறுப்பு ஒன்றே ஒன்றாகச் சுருங்குகிறது: அந்த நாளில் சேமிப்புக் கணக்கில் போதிய பணம் இருக்க வேண்டும். பணம் போதாவிட்டால் கட்டளை திரும்பிவிடும், தாமதக் கட்டணத்தோடு கட்டளை திரும்பியதற்கான கட்டணமும் சேரக்கூடும். ஆகவே திகதிகளைப் பொருத்துவதில்தான் முழுக் கவனத்தையும் செலுத்தினேன். வன்னியில் அரச ஊழியர் பலருக்குச் சம்பளக் கணக்கு அரச வங்கியொன்றில் இருக்கிறது, அட்டையோ பெரும்பாலும் வேறொரு வங்கியினுடையது. எனக்கும் அப்படியே. சம்பளம் 25ஆம் திகதியை ஒட்டிக் கணக்கில் விழுகிறது. அங்கிருந்து அட்டை வங்கியின் சேமிப்புக் கணக்குக்கு 27ஆம் திகதி ஒரு நிலையான தொகை போகும்படி முதலாவது கட்டளை கொடுத்தேன். பிறகு அட்டை வங்கியிடம் கூற்றுத் திகதியை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டு, இறுதித் திகதி மாத முதல் வாரத்தில் விழும்படி அமைத்துக்கொண்டேன். கூற்று 12ஆம் திகதி வெளியானால், இருபது நாளுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசத்தோடு இறுதித் திகதி அடுத்த மாதத் தொடக்கத்துக்கு வந்துவிடும். சம்பளம் இரண்டு நாள் பிந்தினாலும், இடையில் ஒரு போயா வந்தாலும், அந்தச் சில நாள் இடைவெளி தாங்கிக்கொள்ளும். கூற்றுத் திகதியை மாற்றித் தரும்படி கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தச் சேமிப்புக் கணக்கை வேறெதற்கும் பாவிப்பதில்லை என்ற கட்டுப்பாடும் வேண்டும். கூட்டுக் கணக்காக இருந்து, வீட்டில் இன்னொருவர் அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்துவிட்டால் முழு ஏற்பாடும் குலைந்துவிடும். ஆகக்கூடிய மாதச் செலவுக்குச் சமமான ஒரு தொகையை அங்கே நிரந்தரமாகக் கிடக்க விடுவது மிகவும் பாதுகாப்பானது. அதற்கான வசதி எல்லோருக்கும் உடனே வாய்க்காது, சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

கட்டளைப் படிவத்தில் இரண்டு தெரிவுகள் இருக்கும்: முழுத்தொகை அல்லது ஆகக்குறைந்த தொகை. இரண்டாவதைத் தெரிவு செய்தால் தாமதக் கட்டணம் வராது என்பது உண்மை, அதனாலேயே சிலர் அதைப் பாதுகாப்பானதென்று எண்ணுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மீதி 60,000 ரூபா, ஆகக்குறைந்த தொகை 5 வீதம், ஆண்டு வட்டி 28 வீதம் என்று வைத்துக்கொண்டால், கழிவது 3,000 ரூபா, முப்பது நாள் வட்டி ஏறத்தாழ 1,380 ரூபா. கட்டியதில் பாதிக்குக் கிட்டவானது வட்டிக்கே போய், கடன் 1,600 ரூபா அளவில் மட்டுமே குறைகிறது. தாமதக் கட்டணத்திலிருந்து தப்புவதற்காக இந்தப் பாதையை எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கணக்கில் பணம் போதாமற் போகும் மாதங்களுக்கு மட்டும், கையால் ஆகக்குறைந்த தொகையையாவது கட்டிவிடுவது வேறு விடயம், அது கட்டாயம் செய்யவேண்டியது. நிலுவை விவரங்கள் கிறிப் என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவுக்குப் போகின்றன, பின்னர் வீட்டுக் கடனுக்கோ உழவு இயந்திரக் குத்தகைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

முழுத்தொகைக் கட்டளைக்கும் குறைகள் உண்டு. கட்டளை கொடுத்த மாதத்திலேயே அது நடைமுறைக்கு வரும் என்று எண்ணக்கூடாது, கழிந்ததை ஒரு கூற்றில் கண்ணால் காணும் வரை கையால் கட்டுவதே சரி. அட்டை தொலைந்து புதிய இலக்கம் தரப்பட்டால், பழைய கட்டளை புதிய அட்டைக்கும் தொடர்கிறதா என்று கேட்க வேண்டும். இடையில் ஒரு பகுதியைக் கையால் கட்டிவிட்டால், கட்டளை மிகுதியை மட்டும் கழிக்குமா, கூற்றிலுள்ள முழுத்தொகையையும் கழிக்குமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடக்கூடியது. எல்லாவற்றிலும் பெரியது, நாம் செய்யாத கொடுக்கல்வாங்கல் ஒன்று கூற்றில் இருந்தாலும் அதற்கான பணமும் சேர்ந்தே கழிந்துவிடும் என்பது. ஆகவே கூற்று வந்த நாளுக்கும் இறுதித் திகதிக்கும் இடைப்பட்ட நாட்களில் அதை வரிவரியாக வாசிக்கும் வேலை இந்த வழியிலும் நீங்குவதில்லை. தபாலில் வரும் கூற்றை நம்பாமல் மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்வது இங்கே அவசியம்.

என் பரிந்துரை மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமே உறுதியாகப் பொருந்தும். காலபோக அறுவடைக்குப் பிறகு மொத்தமாகவும் மற்ற மாதங்களில் சிறுகச் சிறுகவும் பணம் காணும் மைத்துனர் போன்றவருக்கு அது எப்படி வேலை செய்யும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கை அட்டை இணைந்த கணக்கில் ஒதுக்கி வைத்தால் முடியும் என்று நினைக்கிறேன். உரத்துக்கும் உழவுக்கும் கூலிக்கும் காசு தேவைப்படும் மாதங்களில் அந்த ஒதுக்கீடு நிலைக்குமா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். நிலைக்காதென்று தோன்றினால், கருமபீடத்தையே வைத்துக்கொண்டு, இறுதித் திகதிக்கு ஒரு வாரம் முந்திய சந்தை நாளைக் கட்டும் நாளாக வைத்துக்கொள்வது அவருக்குப் பொருத்தமானது.

அலுமாரிக்குள் பாவிக்காமல் கிடக்கும் இரண்டாவது அட்டைக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஒன்றும் வாங்காவிட்டாலும் அதற்கு ஆண்டுக் கட்டணம் விழக்கூடும், அதைக் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் அதன் மேல் ஏறும். அதற்கும் கட்டளை கொடுங்கள், அல்லது எழுத்தில் அறிவித்து மூடிவிட்டு மீதி எதுவுமில்லை என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள். எந்த வழியில் கட்டினாலும், உரிய காலத்தில் போய்ச் சேர்ந்த பணத்துக்கு வங்கி தாமதக் கட்டணம் அறவிட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்தும் தீராவிட்டால், மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அழைக்கும்போது பற்றுச்சீட்டோ, திரைப்பிரதியோ, கட்டளைப் படிவத்தின் பிரதியோ கையில் இருக்கட்டும்.