ஒளித்திரையா, காந்தமா, ரேடாரா: குண்டின் வேகத்தை எதில் அளப்பது?

வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் ரைஃபிள் குண்டுக்கு ஓர் அடி தூரத்தைக் கடக்க 381 மைக்ரோவினாடி போதும். ஒரு வினாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் 381 துண்டு. இதை எண்ணுவது இன்றைய மின்னணுச் சில்லுகளுக்கு ஒரு வேலையே இல்லை. அதனால்தான் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வாங்கக் கிளம்புகிறவர்கள் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் துல்லிய சதவீதத்தை வைத்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கருவி எண்ணுவதில் பிசகுவது அபூர்வம். குண்டு எப்போது வந்தது, எப்போது கடந்தது என்று கண்டுகொள்வதில்தான் பிசகுகிறது. ஒளித்திரை, காந்த உணரி, ரேடார் ஆகிய மூன்று வகைகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுவது அங்கேதான்.

1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனார். கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். ஊசல் எவ்வளவு ஆடியது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். நேரத்தை அளக்க வேண்டிய தேவையே இல்லை. இன்று அப்படி ஊசல் கட்ட யாருக்கும் பொறுமை கிடையாது; இயற்பியல் ஆய்வகங்களில் மட்டும் அதன் சிறு வடிவங்கள் உயிரோடு இருக்கின்றன.

பலருக்கும் முதலில் கைக்கு வருவது ஒளித்திரை வகை. ஷூட்டிங் குரோனி, ப்ரோகுரோனோ, கால்டுவெல் என்று பல பெயர்களில் வந்தவை எல்லாம் அடிப்படையில் ஒன்றுதான். குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். குண்டு மேலே கடக்கும்போது கண நேரம் வெளிச்சம் குறையும்; முதல் உணரி கடிகாரத்தை ஓடவிடும், இரண்டாவது உணரி நிறுத்தும். எளிமையான ஏற்பாடு. ஆனால் வானமும் கருவியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. மேகம் ஒரே சீராக மூடியிருந்தால் கருவி அருமையாக வேலை செய்யும். பளீரென்ற நீலவானத்தில் உணரிகளுக்கு மேல் வெள்ளைத் தடுப்புகளைப் பொருத்தியாக வேண்டும். மாலை வெயில் சாய்வாக விழுந்தால் குண்டின் அடிப்பக்கம் மின்னும். நிழலுக்காகக் காத்திருக்கும் உணரி குழம்பிவிடும். உள்ளரங்கத் தளத்தில் ட்யூப் லைட்டுகள் மின்சாரத்தின் அலைவுக்கேற்பத் துடிப்பதால் அகச்சிவப்பு விளக்குள்ள தனி அமைப்பு இல்லாமல் நம்பகமான அளவு கிடைப்பது சிரமம்.

குழல் முனைக்கு மிக அருகில் வைத்தால் வெடிப்பலையும் எரியாத வெடிமருந்துத் துகள்களும் குண்டுக்கு முன்பே உணரியைத் தட்டிவிடும். ஆகவே மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே கிடைப்பது குழல்முனை வேகம் அல்ல. .308 ரைஃபிள் குண்டு தொடக்கத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 மீ/வி வேகத்தை இழக்கிறது. நாலரை மீட்டரில் 3 மீ/வி குறைந்திருக்கும். இரண்டு பேர் ஒரே தோட்டாவை இரண்டு கருவிகளில் அளந்துவிட்டு “உன் கருவி தப்பு” என்று சண்டையிடுவதில் பாதிக்கு இந்தத் தூரக்கணக்குதான் காரணமாக இருக்கும்.

இடைவெளி விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உணரிகளுக்கு இடையே ஓர் அடி இருக்க வேண்டிய இடத்தில், மடக்குக் கீல் சரியாகப் பொருந்தாமல் 3 மில்லிமீட்டர் மாறியிருந்தால் அது ஒரு சதவீதப் பிழை. 800-இல் 8 மீ/வி. கடிகாரம் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் அதே ஓரடியில் 2 மீ/வி போய்விடும். இடைவெளியை நான்கு அடியாக்கினால் அது அரை மீ/வி-யாகச் சுருங்குகிறது. கருவியைச் சாய்வாக நிறுத்தி, குண்டு ஐந்து டிகிரி கோணத்தில் கடந்தால் பாதை நீண்டு, வேகம் 3 மீ/வி குறைவாகத் தெரியும். இவற்றில் எதையுமே திரை சொல்லாது. பளிச்சென்று ஓர் எண்ணைக் காட்டும், நாமும் நம்பிவிடுவோம்.

இங்கேதான் ஓலர் 35பி என்ற ஒளித்திரைக் கருவியின்மேல் எனக்குத் தனி மரியாதை. அதில் உணரிகள் மூன்று. நான்கு அடி முழு இடைவெளிக்கு ஒரு வேகம், முதல் பாதிக்கு ஒரு வேகம் என்று ஒரே குண்டை இருமுறை அளக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவீட்டைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்துவிடும். தான் சொல்வது தப்பாக இருக்கலாம் என்று தானே எச்சரிக்கும் கருவிகள் இந்தத் துறையில் அதிகமில்லை. பழைய, கனத்த, நிறுவுவதற்கு நேரமெடுக்கும் ஏற்பாடுதான். ஆனாலும் மற்ற ஒளித்திரைகளோடு அதை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒளித்திரையின் இன்னொரு விதி, அது என்றாவது ஒருநாள் சுடப்படும். ஸ்கோப்பின் மையம் குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஸ்கோப் வழியே பார்த்தால் திரைகளுக்கு நடுவே பாதை தாராளமாகத் திறந்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் மூன்று மீட்டரில் குண்டு பார்வைக்கோட்டுக்கு ஏறத்தாழ அதே நாலைந்து சென்டிமீட்டர் கீழேதான் பறக்கிறது. நேராகக் கருவியின் நெற்றிக்குள் போகிறது. போல்ட்டை (ரைஃபிள் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் உறுப்பு) கழற்றிவிட்டுக் குழலுக்குள் கண்வைத்துப் பார்த்துப் பாதையைச் சரிசெய்தால் இதைத் தவிர்க்கலாம். கணக்கிடும் பகுதியும் எண் திரையும் கேபிள் வழியே பெஞ்சுக்கு வந்துவிடும் மாதிரியை வாங்கினால், தப்பிப் பட்டாலும் போவது உணரி மட்டும்தான். இவ்வளவுக்கும் மேல், பொதுத் தளத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்தும்வரை காத்திருந்துதான் முன்னே போய் அதை நிறுத்த முடியும். சற்றே சாய்ந்துவிட்டது என்று திருத்துவதற்கும் அடுத்த இடைவேளைதான்.

இந்தத் தொல்லைகளிலிருந்து விடுபட வந்தது காந்த உணரி வகையான மேக்னெட்டோஸ்பீட். துப்பாக்கியில் மாட்டும் கத்திபோல் (பயனெட்) குழல் முனைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்; பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதிலுள்ள இரண்டு மின்காந்த உணரிகள் உலோகக் குண்டு கடப்பதை உணர்ந்துகொள்ளும். வெயில், நிழல், இருட்டு எதுவும் பொருட்டல்ல. துப்பாக்கியோடு சேர்ந்தே நகர்வதால் கோணப் பிழையும் இல்லை. தளத்தின் முன்பக்கம் போகவே வேண்டாம். வேகம் மட்டும்தான் தேவை என்றால் இது நல்ல கருவி.

ஆனால் வேகம் மட்டும் தேவைப்படுகிறவர் யார்? குழல் முனையில் கனத்தைக் கட்டினால் சுடும்போது குழல் அதிரும் விதம் மாறுகிறது. குண்டு விழும் இடம் நகர்கிறது, குண்டுகள் நெருங்கி விழுவதும் மாறக்கூடும். மெல்லிய வேட்டை ரைஃபிள் குழல்களில் இது இன்னும் கூடுதல். தோட்டாவைத் தாங்களே நிரப்புவோருக்கு இலக்கில் விழுந்த குண்டுகளின் நெருக்கமும் அதே குண்டுகளின் வேகமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இந்தக் கருவியில் வேகத்துக்கு ஒருமுறை, நெருக்கத்துக்கு ஒருமுறை என்று சுட வேண்டியிருக்கிறது. தோட்டாவும் இரட்டிப்பு, குழல் தேய்மானமும் இரட்டிப்பு. பெரும்பாலான தானியங்கிப் பிஸ்டல்களில் கட்டுவதற்கு இடமே இல்லை. சைலன்சர்மேல் கட்டினால் அது சூடேறும்போது பட்டையைக் கவனிக்க வேண்டும். மேக்னெட்டோஸ்பீடைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. ரேடார்கள் பெருத்த பெட்டிகளாக இருந்த நாட்களில் பைக்குள் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒன்றாக அது இருந்தது. அந்த இடத்தை இப்போது ரேடாரே பிடித்துக்கொண்டுவிட்டது.

ரேடார் நேரத்தை அளப்பதில்லை. 24 கிகா ஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலையைக் குண்டின் பின்னால் அனுப்புகிறது. விலகி ஓடும் குண்டில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் குறைந்திருக்கும். 800 மீ/வி-க்கு அந்தக் குறைவு ஏறத்தாழ 1,28,000 ஹெர்ட்ஸ். சாலையில் காரின் வேகத்தைப் பிடிக்கும் அதே டாப்ளர் விளைவுதான். இரண்டு உணரி, இடையே இத்தனை அடி என்ற பேச்சே இல்லை. பறந்துகொண்டிருக்கும் குண்டைப் பல புள்ளிகளில் அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டுக் குழல்முனை வேகத்தைச் சொல்கிறது. கருவி பெஞ்சின்மேல், நம் பக்கத்திலேயே இருக்கும். துப்பாக்கியைத் தொடுவதில்லை, குண்டின் பாதையிலும் இல்லை.

தனிநபர் வாங்கும் அளவுக்கு முதலில் பரவலானது லாப்ரடார், ஆரஞ்சு நிறப் பெட்டி. பெஞ்சில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். மேல்விளிம்பில் உள்ள பள்ளத்தின் வழியே இலக்கை நோக்கிச் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பம் கொஞ்சம் தவறினாலும் அளவு பதியாது. வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் அது விழிக்கிறது. பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் மஸில் பிரேக் (குழல் முனையில் மாட்டி உதைப்பைக் குறைக்கும் உறுப்பு) மாட்டிய ரைஃபிளால் சுட்டால் அந்தச் சத்தத்துக்கும் விழித்து, குண்டைக் காணாமல் விழிக்கும்! சத்தமே இல்லாத ஏர் ரைஃபிளுக்கோ தனியாக ஒரு தூண்டி வேண்டும். இத்தனை அடம்பிடித்தாலும் சிறிய போட்டியாளர் தராத ஒன்றை அது தந்தது: நாம் குறித்துவைத்த தூரங்களில் குண்டின் வேகம் எவ்வளவு என்று காட்டும். வேகம் எப்படிக் குறைகிறது என்பதைக் கொண்டு குண்டின் காற்றெதிர்ப்புக் குணகத்தை நாமே மதிப்பிடலாம். குண்டுப் பெட்டியில் எழுதியிருக்கும் குணகத்தை நம்பாதவர்களுக்கு இது பெரிய வரம்.

2023 இறுதியில் கார்மின் நிறுவனத்தின் ஸீரோ சி1 ப்ரோ வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. சட்டைப்பைக்குள் அடங்கும் டாப்ளர் ரேடார். குழலுக்குப் பக்கத்தில் சிறு டிரைபாடில் நிறுத்தி, இலக்கின் பக்கம் குத்துமதிப்பாகத் திருப்பிவைத்தால் போதும். சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. வினாடிக்கு 100 அடி முதல் 5000 அடி வரை அளக்கும் என்கிறார்கள். அம்பிலிருந்து அதிவேக ரைஃபிள் வரை அதற்குள் வந்துவிடும். சொல்லப்படும் துல்லியம் 0.1 சதவீதம், 800-இல் அது 0.8 மீ/வி. குறைகள் இல்லாமல் இல்லை. மின்கலம் உள்ளேயே இருக்கிறது. தீர்ந்துபோனால் பெட்டிக் கடையில் பேட்டரி வாங்கிப் போட முடியாது. முழு வசதிக்கும் கைபேசிச் செயலி தேவை. லாப்ரடார்போல் தொலைதூர வேகங்களைத் தருவதில்லை. அதன் வெற்றியைப் பார்த்து அத்லான், கால்டுவெல் நிறுவனங்களும் சிறு ரேடார்களைக் கொண்டுவந்தன. லாப்ரடாரும் தன் பங்குக்கு உடலை இளைத்துக்கொண்டு எல்எக்ஸ் என்ற மாதிரியாக வந்தது.

என் தேர்வு சிறிய ரேடார்தான், தயக்கமே இல்லை. ஒளித்திரையைவிட அது எண்ணுவதில் கெட்டி என்பதற்காக அல்ல. நன்றாக நிறுத்திய ஓலர் அதற்குச் சளைத்ததில்லை. பையிலிருந்து எடுத்து அரை நிமிடத்தில் வைத்துவிடலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் வைக்கிறோம், ஒவ்வொரு குண்டும் பதிவாகிறது. அந்தப் பதிவுகளின் எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். ஐந்து குண்டுகளைச் சுட்டு, திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 3 மீ/வி என்று கருவி காட்டினால், உண்மையான விலக்கம் 1.8 முதல் 8.6 வரை எங்கேயும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கையோடு அவ்வளவுதான் சொல்ல முடியும். இருபது குண்டு சுட்டால் அதே 3, 2.3-க்கும் 4.4-க்கும் இடையே அடங்கும். ஐந்து குண்டு சுட்டுவிட்டு “இந்த மருந்தளவு அதைவிடச் சீரானது” என்று அறிவிப்பவர் கையில் எவ்வளவு உயர்ந்த கருவி இருந்தாலும் அவர் சொல்வது சோதிடம்தான்.

வெயில் நேரத்தில், தனக்கென ஒதுங்கிய திறந்தவெளித் தளத்தில், யாருக்கும் தொல்லையில்லாமல் சுடுகிறவருக்கு ஒளித்திரை இன்னும் போதும். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் தூக்கிப்போட வேண்டாம். காற்றெதிர்ப்புக் குணகம் தேவைப்படுகிறவர் பழைய லாப்ரடாரைத் தேடிப் பிடிக்கலாம். ஏர் ரைஃபிள்காரர்களுக்குக் குழல் முனையிலேயே மாட்டிக்கொள்ளும் சிறு அகச்சிவப்புக் குழாய்க் கருவிகள் இருக்கின்றன. ஒளியை உள்ளேயே வைத்திருப்பதால் வானத்தைப் பற்றிக் கவலையில்லை, வீட்டுக்குள்ளும் வேலை செய்யும். 100 மீட்டரைத் தாண்டியே சுடாத ரைஃபிள்காரருக்கு எதுவுமே அவசரமில்லை. 3 மீ/வி வித்தியாசம் அந்தத் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இறக்காது. 900 மீட்டரில் .308-க்கு அதே வித்தியாசம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். அங்கேதான் கருவி தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிக்குப் போகிற பிஸ்டல்காரர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குச் சீர்மையைவிட எல்லைக்கோடு முக்கியம்: கிரெயின் என்ற அலகில் குண்டின் எடையை, வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125-ஆவது வர வேண்டும், மைனர் பிரிவுக்கு. அதற்கும் கீழே போனால் சுடலாம், புள்ளி சேராது. 124 கிரெயின் குண்டு நம் கருவியில் 1015 அடி காட்டினால் 125.86, தேறிவிட்டோம் என்று நினைப்போம். நம் கருவி ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டும் வகை என்றால் உண்மை வேகம் 1005, விடை 124.6. போட்டியில் நடுவர் ஒரு குண்டைப் பிரித்தெடுத்து எடைபோட்டு, தன் கருவியில் அளந்து சொல்வதே முடிவு. நம் பெட்டியில் எழுதியிருக்கும் சதவீதத்தை அங்கே காட்டிப் பயனில்லை. 1040 அடி வரும்படி தோட்டாவை அமைத்துக்கொண்டு போனால், ஒரு சதவீதம் கழிந்தாலும் 127-க்கு மேல் நிற்கும். எந்த வகைக் கருவியில் அளந்திருந்தாலும் சரி.