வீடு வாங்க முன் மலக்குழியைப் பார்க்க யாரைக் கூப்பிடலாம்? வன்னியில் கிடைக்கும் சேவைகள் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்தில் வீடு வாங்குபவர்கள் காணி உறுதியைப் பார்ப்பார்கள், கூரை மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்தும் பார்ப்பார்கள். மலக்குழியின் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அதைப் பார்த்துச் சொல்லவென்று தனியாக ஒரு தொழில் இங்கே வளரவில்லை. கிடைப்பவர்கள் நாலு வகை: மேசன், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குழியை உறிஞ்சி வெறுமையாக்கும் பவுசர்காரர், கட்டட வேலை படித்த தொழில்நுட்பவியலாளர். எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம்: தொழில்நுட்பவியலாளரும் பவுசரும் ஒரே நாளில் வளவில் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்து போனால் அது அரைவேலை.

மேசன்மாருக்கு ஊர்க் குழி எப்படிக் கட்டப்படும் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் குழி பழுது என்று சொன்னால் புதுக்குழி கட்டும் வேலை அவருக்கே வரும். பழைய குழியைக் கட்டியவரும் அவரேயென்றால் குறை வாயில் வராது. திருத்த எவ்வளவு முடியும் என்று விலை கேட்க அவரைப் பிறகு கூப்பிடுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை அனுமதியும் முறைப்பாடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடைத்தூரம், வரைபடம், பக்கத்து வளவுக்காரர் முறையிட்டது உண்டா என்பதெல்லாம் அவரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உங்கள் கொள்வனவுக்காகக் குழியை வெறுமையாக்கிச் சுவர் பார்ப்பது அவர் பொறுப்பல்ல.

பவுசர்காரர் நிறையக் குழிகளைக் கண்டவர். குழாயை உள்ளே விட்டதும் அடியில் சேறு இறுகிப்போயிருக்கிறதா என்று கையாலேயே உணர்வார். அவரிடம் உள்ள குறை அவசரம்: உறிஞ்சினால் வேலை முடிந்தது. பிரதேச சபைப் பவுசரா, தனியார் பவுசரா என்பதைவிட, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்ற கேள்விக்கு நேரான பதில் வருகிறதா என்று பாருங்கள். காட்டோரத்தையோ வாய்க்காலையோ காட்டுபவர் வேண்டாம். கட்டணம் ஒரு லோட்டுக்கா, முழுக் குழிக்கா என்பதையும் முதலே பேசிவிடுங்கள்.

தொழில்நுட்பவியலாளரைத் தெரிவு செய்ய மூன்று கேள்விகள் போதும். எஸ்.எல்.எஸ். 745 தெரியுமா? செப்ரிக் ராங், அதாவது அடியும் மூடிக் கட்டும் மலத்தொட்டி, கட்டுவதற்கான இலங்கைத் தரம் அது. பவுசர் வரமுதல் என்ன பார்ப்பீர்கள், வந்தபின் என்ன பார்ப்பீர்கள்? அறிக்கையை எழுத்தில், அளவுகளோடும் படங்களோடும் தருவீர்களா? இரண்டாவது கேள்வியில் தடுமாறுபவரை விட்டுவிடலாம். ஏனென்றால் விசயமே அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

முதலில், எதையும் உறிஞ்ச முன், மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்க்க வேண்டும். சரியான ராங்கில் தண்ணீர் வெளிக்குழாயின் அடிவிளிம்போடு நிற்கும். அதற்குக் கீழே நின்றால் ராங் கசிகிறது, அல்லது அண்மையில் வெறுமையாக்கியிருக்கிறார்கள். மேலே நின்றால் உறிஞ்சு குழியோ (ராங்கிலிருந்து வெளிவரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) அதற்குப் போகும் குழாயோ அடைத்துவிட்டது. இப்போது மட்டம் சரியாக இருந்தாலும் குழாய்க்கு மேலே சுவரில் கறுப்புக் கோடு தெரிந்தால், முன்பு நிரம்பி நின்ற குழி அது. உள்வரும் குழாய் வெளிக்குழாயைவிட 2–3 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். வெளிக்குழாயில் ‘ரீ’ (T) வடிவ மூட்டு இருக்கிறதா என்பது முக்கியம். அது உடைந்திருந்தால் தண்ணீரின் மேல் ஆடையாக மிதக்கும் அழுக்கு நேரே உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணை அடைத்துவிடும். அடிச்சேறும் மேலாடையும் சேர்ந்து ஆழத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டியிருந்தால் வெறுமையாக்கும் காலம் கடந்துவிட்டது.

அடுத்தது தண்ணீர் விட்டுப் பார்ப்பது. பெரும்பாலானோர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இங்கேயுள்ள பழைய குழிகள் வாளியால் 2–3 லீற்றர் ஊற்றிக் கழுவும் வீட்டுக்காகக் கட்டியவை. குளிப்பும் உடுப்புத் தோய்ப்பும் கிணற்றடியில். வாங்குபவர் வந்து வீட்டோடு குளியலறை கட்டி, ஒரு தரத்துக்கு 6–9 லீற்றர் போகும் சிஸ்ரேனும் (கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி) வோஷிங் மெஷினும் பூட்டுவார். ஐந்து பேருக்கு நாளுக்கு 600 லீற்றர்வரை போகலாம். ஆகவே மேல்நிலை ராங்கிலிருந்து 500 லீற்றராவது அரை மணித்தியாலத்தில் விட்டு, மட்டம் ஏறி நிற்கிறதா, வடிகிறதா என்று பார்க்கவேண்டும்.

பிறகுதான் பவுசர். உறிஞ்சும்போது வெளிக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி ராங்குக்குள் ஓடிவந்தால் உறிஞ்சு குழி தோற்றுவிட்டது. வேறு பரிசோதனை தேவையில்லை. வெறுமையான பின் ரோச் லைற் அடித்துச் சுவர் வெடிப்பையும் அடித்தளத்தையும் பாருங்கள். செப்ரிக் ராங் என்று சொல்லி விற்கும் பல குழிகள் கொங்கிறீற் வளையம் இறக்கி அடி திறந்தபடி விட்டவை. உள்ளே ஒருவரும் இறங்கக் கூடாது, தலையையும் விடக் கூடாது. ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயுவும் ஒட்சிசன் குறைவும் ஒரு மூச்சில் ஆளை விழுத்தும். தூக்கப் போனவரும் விழுவார். பக்கத்தில் நெருப்பும் கூடாது. ‘இறங்கிப் பார்க்கிறேன்’ என்று சொல்பவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

காலமும் மண்ணும் சேர்ந்துதான் முடிவு வரும். ஆவணியில் எந்தக் குழியும் நன்றாகத்தான் உறிஞ்சும். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் ஏறும்போதுதான் வயலோரக் களிமண் வளவுகள் பொங்கும். கோடையில் பார்த்தால் மாரி நீர்மட்டத்தைக் கிணற்றுச் சுவர்க் கறையில் அளந்து குழியின் அடியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மாரியில் பார்த்தால் பிளாஸ்ரிக் ராங்கை முழுதாக வெறுமையாக்கக் கூடாது. சுற்றியுள்ள நீர் அதை மேலே தூக்கிவிடும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் சிக்கல் வேறு: தண்ணீர் வேகமாக இறங்கும், வடிகட்டல் குறைவு. மன்னார், பூநகரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போகலாம். பொதுவாகச் சொல்லும் 50 அடி இடைத்தூரம் அங்கே போதாது. பக்கத்து வளவுக் குழியிலிருந்தும் உங்கள் கிணற்றுக்கு அளக்க வேண்டும்.

இடம்பெயர்வுக்கு முந்திய பழைய குழி ஒன்று மண்ணுக்குள் மூடிக் கிடக்கலாம். மூடி உக்கினால் ஆள் விழும். கம்பியால் குத்தித் தேட முன், நெடுங்காலம் பாழாய்க் கிடந்த வளவென்றால் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள்.

கிணற்றுத் தண்ணீரையும் அதே நாளில் எடுங்கள். தொற்றுநீக்கிய போத்தலில், பனிக்கட்டிக்குள் வைத்து, இயன்றால் 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்கவேண்டும். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614 படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் பற்றீரியா) ஒன்றும் இருக்கக் கூடாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளோரின் போட்ட கிணறென்றால் ஈ.கோலை முடிவை நம்ப வேண்டாம். நைத்திரேற்றைக் குளோரின் மறைக்காது.

விற்பவர்களுக்கும் ஒன்று. வாங்குபவர் வர முதல் வாரம் பவுசரைக் கூப்பிட்டு வெறுமையாக்கி வைக்காதீர்கள். மட்டம் கீழே நின்றால் ராங் கசிவென்றும் எழுதப்படலாம், விலையும் குறையலாம். கடைசியாக உறிஞ்சிய பற்றுச்சீட்டு, கட்டட வரைபடம், மூடிகள் இருக்கும் இடம் மூன்றையும் எடுத்து வையுங்கள். மூடியின் மேல் சீமெந்து பூசியிருந்தால் முதல்நாளே உடைத்து விடுங்கள்.