டால்டன் சாலையில் காரிபு (வடதுருவ மான்) வேட்டை: என் காம்பவுண்ட் வில் எப்படி உழைக்கிறது?

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில், யூகான் ஆற்றுக்கு வடக்கே, சாலையின் இரு பக்கமும் 5 மைல் வரை துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது. வில் மட்டும்தான். அதற்கும் வில்வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் அந்த 5 மைலை நடந்தே தாண்டுகிறார்கள். கால் வைத்தால் சாயும் புல்திட்டு, நடுவில் தண்ணீர் என்று கிடக்கும் டண்ட்ராவில் (மரமில்லாத குளிர்நிலம்) அது லேசான வேலை இல்லை. அதனால்தான் நானும் வில்லுக்கு வந்தேன். இப்போது சில வருடங்களாக, கப்பிகள் வைத்த அதே காம்பவுண்ட் வில்தான்.

கடைகளில் அம்பின் வேகத்தைச் சொல்லித்தான் வில்லை விற்பார்கள். அட்டிகன் கணவாயைத் தாண்டி வடக்கே இறங்கியதும் அந்தப் பேச்செல்லாம் காற்றோடு போய்விடும். நிஜமாகவே காற்றோடுதான். மறைந்துகொள்ள ஒரு மரம் கிடையாது, காற்று ஓயாது. பக்கக் காற்றில் 40 மீட்டருக்கு மேல் நான் நாணை இழுப்பதே இல்லை. காரிபுவைத் துரத்திப் பிடிக்கவும் முடியாது. அது மேய்ந்துகொண்டே நடக்கும் வேகத்துக்கு நாம் ஓட வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, முன்கூட்டியே போய்ப் படுத்துக்கிடப்பதுதான் வழி. பக்கத்தில் வந்துவிட்டால் கால் தசைநார் 'டக் டக்' என்று சொடுக்கும் சத்தம் நன்றாகவே கேட்கும்.

அந்த நேரம் வில்லிடம் எனக்கு வேண்டியதெல்லாம், நனைந்து விறைத்த கையாலும் இழுக்க முடிய வேண்டும் என்பதுதான். இழுவிசையை 65 பவுண்டிலிருந்து 55-க்கு இறக்கிவிட்டேன். காரிபுவுக்குச் சட்டம் கேட்பது 40 தான், அதனால் குறை ஒன்றும் இல்லை. மழைக்கோட்டுக் கையில் நாண் உரசும், முன்கைப்பட்டை கட்டாயம்.

எய்யும் வரை அம்பு உட்கார்ந்திருக்கும் அம்புதாங்கியை மாற்றியதுதான் நல்ல முடிவு. முதலில் இருந்தது, அம்பு கிளம்பியதும் கீழே விழும் வகை. உறைமழையில் அதன் மெல்லிய கயிறு விறைத்துப்போய், தாங்கி பாதியிலேயே நின்றது. இப்போது இருப்பது வட்டமான தூரிகை வகை. அதிலும் பனி பிடிக்கும், ஆனால் விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். தவழ்ந்து போகும்போதும் அம்பு நழுவாது. அம்புமுனையும் அப்படித்தான்: விரியும் வகையை விட்டுவிட்டு, விரியாத நிலையான கத்தி அலகுக்கு வந்துவிட்டேன்.

வில்லுக்கு உண்மையான எதிரி சாலைதான். தூசி அடங்க கால்சியம் குளோரைடு என்ற உப்பைப் போடுகிறார்கள். அந்தச் சேறு வண்டியின் பின்பக்கம் முழுக்க அப்பிக்கொள்ளும். மூடாமல் வைத்த வில்லின் கப்பித் திருகுகளில் ஒரே பயணத்தில் செந்நிறத் துரு ஏறிவிட்டது. இப்போது ரப்பர் விளிம்புள்ள பெட்டி, ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் துடைப்பு, நாணுக்கு மெழுகு.

வழியில் உள்ள கோல்ட்ஃபுட்டை விட்டால், சாலை முடியும் டெட்ஹார்ஸ் வரை 240 மைலுக்குப் பெட்ரோலே கிடையாது, வில் கடைக்கு எங்கே போவது? ஆலன் சாவிகள், நாண் வளையக் கயிறு, உபரி அம்புமுனைகள் எல்லாம் வண்டியிலேயே கிடக்கும். இறைச்சி கட்ட வலைப்பைகளும் தாராளமாக வேண்டும். இறைச்சியின் கடைசிச் சுமையோடுதான், அல்லது அதற்குப் பிறகுதான், கொம்பைத் தூக்கச் சட்டம் விடும்.